நைட் வீரர்களின் வாள் 15 கிலோவா? எடை, எஃகு, சாணை

ஜனவரி 9, வாசகர் ஒருவரின் கேள்வி

"ஐரோப்பிய நைட் வீரர்களின் வாள் 10, 15 கிலோ இருக்குமாம். கூர்மையே கிடையாதாம், கவசத்தின் மேல் ஓங்கி அடித்து எலும்பை உடைக்கத்தான் பயன்பட்டதாம். ஒரு காணொளியில் பார்த்தேன். நல்ல எஃகு முழுக்க நம் பக்கத்திலிருந்துதான் போனது, அவர்களுக்கு வாள் செய்யவே தெரியாது என்றும் அதில் சொல்கிறார்கள். உண்மையா?"

ஜனவரி 9, இரவு

நைட் என்றால் இடைக்கால ஐரோப்பாவின் குதிரை வீரன். எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஒரு கையால் வீசிய நைட் வாள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.4 கிலோவுக்குள் அடங்கிவிடும். அடுத்த இருநூறு ஆண்டுகளில் இரண்டு கைக்கும் இடம் விட்டுப் பிடியை நீட்டினார்கள். அந்த நீள வாள்கூட 1.8 கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

ஒரு உதாரணம் போதும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் விதம் ஆற்று வாள் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஓடும் அந்த ஆற்றில் 1825இல் கிடைத்தது. காலம் 1250க்கும் 1330க்கும் நடுவில். நீளம் 96.4 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ. கிரிக்கெட் மட்டையின் எடையும் ஏறக்குறைய அதுதான். பள்ளிக்கூடப் பையன் மட்டை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே எடை.

அப்படியென்றால் இந்த 15 கிலோ கதை எங்கிருந்து வந்தது? ஊர்வலத்தில் அரசனுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவதற்கென்றே பெரிய வாள்கள் செய்தார்கள். சண்டைக்குப் போகாததால் அவை முழுசாகப் பிழைத்து, இன்று கண்ணாடிக்குள் கம்பீரமாக நிற்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லா வாளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவைகூட 15 கிலோவை நெருங்குவதில்லை.

ஜனவரி 10

கூர்மை. இருந்தது, நன்றாகவே இருந்தது. ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361 ஜூலையில் ஒரு போர் நடந்தது. அதில் இறந்தவர்களைக் கூட்டமாகப் புதைத்த குழிகளை 20ஆம் நூற்றாண்டில் தோண்டினார்கள். எலும்புக்கூடுகளில் முழங்காலுக்குக் கீழே வெட்டுக்காயங்கள் ஏராளம். உடம்பில் கவசம், கையில் கேடயம், அப்புறம் மிச்சம் இருப்பது கால்தானே. நொறுங்கிய எலும்பு வேறு, வெட்டுப்பட்ட எலும்பு வேறு. எலும்பை ஆராய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கவசத்தையே வாளால் பிளப்பது படத்தில்தான் நடக்கும். வளையங்களைக் கோத்து ஒவ்வொன்றையும் தறைந்து (முனையை அடித்துப் பரப்பிப் பூட்டி) செய்த கவசத்தை வெட்டித் திறப்பது மிகக் கடினம். அதனால் கவசம் இல்லாத இடத்தைத் தேடினார்கள்.

ஜனவரி 12

இன்றைக்குக் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். என் மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

எனக்குத் தொழில் ஹீட் ட்ரீட்மென்ட். கோயம்புத்தூரில் ஆரம்பித்து இப்போது ஜெர்மனியில் வெட்டுக்கருவி எஃகைப் பதப்படுத்தும் வேலை. வாள் மேல் ஆசை வந்த புதிதில் இணையத்தில் ஒரு மாதிரி வாள் வாங்கினேன். பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோதே கை கீழே இழுத்தது. கொஞ்ச நேரம் வீசியதும் மணிக்கட்டு விட்டுப்போனது. நைட் வீரர்கள் உண்மையிலேயே ராட்சதர்களோ என்று நினைத்தேன். அப்புறம் தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்து அளந்தேன். பிடிக்கு மேலே குறுக்காக நிற்கும் கைக்காப்பான குறுக்குத் தடுப்புக்குப் பக்கத்தில் 5 மில்லிமீட்டர் தடிமன். நடுவிலும் 5. நுனிக்கு ஒரு சாண் முன்னாலும் கிட்டத்தட்ட அதே 5. ஒரு பட்டைக் கம்பியை வாள் உருவத்துக்கு வெட்டி, ஓரத்தைச் சீவி அனுப்பியிருந்தார்கள்.

அசல் வாளில் தடிமன் அப்படி இருக்காது. பிடிக்குப் பக்கத்தில் 5, 6 மில்லிமீட்டரில் தொடங்கி, நுனியை நோக்கிப் போகப் போகக் குறைந்து, வெட்டும் பகுதியில் 2, 3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அகலமும் கூடவே குறையும். முன்பக்கமிருந்து பார்த்தால் அகலம் குறைவது தெரியும். தடிமன் குறைவது தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கோட்டைவிடுவது இதைத்தான். அருங்காட்சியகம் போனால் வாளை அதன் விளிம்புப் பக்கமிருந்து பாருங்கள். பெட்டியின் ஓரமாகத் தலையைச் சாய்த்து நின்றால் போதும். பிடியில் தடித்திருந்த எஃகு அப்படியே கரைந்துகொண்டே போய் நுனியில் ஒரு கோடாக முடியும்.

நுனியில் 50 கிராம் குறைவது ஒன்று, பிடிக்குப் பக்கத்தில் 50 கிராம் குறைவது வேறொன்று. சுழலும் பொருளில் அச்சிலிருந்து தூரம் இரட்டித்தால் அந்த எடையின் தடை நான்கு மடங்கு ஆகும். அதனால் இரண்டு வாள் தராசில் ஒரே எடை காட்டும், கையில் ஒன்று பறக்கும், மற்றொன்று இழுக்கும். இங்கே நான் பயிற்சிக்குப் போகும் குழுவில் ஒருவரிடம் அசலின் அளவுகளைப் பின்பற்றிச் செய்த வாள் ஒன்று இருக்கிறது. என் வாளைவிட நீளம். ஆனால் வீச்சைப் பாதியில் நிறுத்தித் திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கிறது. அன்றைக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு உறைத்தது.

இந்த மெலிவை எங்கே கொண்டுவந்தார்கள்? பாதி சம்மட்டியில், பாதி சாணைக்கல்லில்.

ஜனவரி 13

நடுவில் ஓடும் பள்ளத்தைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரத்தம் வழிந்தோட என்பதும், குத்திய வாளை உருவும்போது காற்றுப் போக என்பதும் கதை. எடையைக் குறைக்கத்தான் அந்தப் பள்ளம். நடுவில் இருக்கும் எஃகு வாளின் விறைப்புக்கு அதிகம் உதவாது. அதைக் குறைத்துவிட்டு அகலத்தைத் தக்கவைத்துக்கொண்டால் வெட்டும் விளிம்பு மெல்லிய கோணத்தில் அமையும், எடையும் ஏறாது. பல வாள்களில் பள்ளம் நுனிவரை போகாமல் பாதியிலோ மூன்றில் இரண்டு பங்கிலோ நின்றுவிடும். நுனிக்கு விறைப்பு வேண்டும், அங்கே எஃகும் ஏற்கனவே மெலிந்திருக்கும்.

ஜனவரி 15

12ஆம் தேதி எழுதியதைப் படித்தால் அலகு, அதாவது வாளின் வெட்டும் எஃகுப் பகுதி, மட்டுமே எல்லாம் என்று தோன்றும். பிடியின் கடைசியில் இருக்கும் குமிழையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சக்கரம் மாதிரித் தட்டையானது, பிரேசில் கொட்டை வடிவம், பேரிக்காய் வடிவம் என்று பல வகை. அலகின் எஃகு வாலாக நீண்டு, மரப் பிடிக்குள் புகுந்து, குமிழின் துளை வழியாக வெளியே வரும். அந்த முனையைச் சூடாக்கித் தறைந்துவிடுவார்கள். திருகு மரை எதுவும் கிடையாது. முழு வாளையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்னத் தறைவுதான்.

குமிழ் எடையைக் கைப்பக்கம் இழுக்கிறது. ஒரு கை வாள் பலவற்றில் சமநிலைப் புள்ளி குறுக்குத் தடுப்பிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஆனால் தடிமனான அலகைச் செய்துவிட்டுப் பெரிய குமிழை மாட்டினால் சரியாகிவிடும் என்று மலிவு வாள் செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். சமநிலைப் புள்ளி இடம் மாறும், நுனியின் எடை அப்படியேதான் இருக்கும். முதலில் அலகு மெலிய வேண்டும், குமிழ் அதற்கு அப்புறம்.

பிடி: இரண்டு மரத்துண்டு, மேலே நூல்கயிறு சுற்றி, அதற்கு மேல் மெல்லிய தோல். வியர்வையிலும் வழுக்காது. உறையும் மெல்லிய மரம்தான், வெளியே தோல். சிலவற்றில் உட்பக்கம் ஆட்டு ரோமம் வைத்திருக்கிறார்கள். ரோமத்தில் இருக்கும் கொழுப்பு எஃகைத் துருவிலிருந்து காக்கும்.

ஜனவரி 18

இப்போது எஃகு. அன்றைய ஐரோப்பிய உலையில் இரும்பு உருகி ஓடாது. கரியும் தாதுவும் போட்டுத் துருத்தி ஊதினால் கசடு கலந்த பஞ்சு மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். ஒரே கட்டியில் ஒரு ஓரம் எஃகு, மறு ஓரம் மெத்தென்ற இரும்பு. கொல்லன் உடைத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரித்ததை அடுக்கி, சூடேற்றி, அடித்து ஒட்ட வேண்டும். நல்ல எஃகு விலை உயர்ந்தது என்பதால் மெத்தென்ற இரும்பை நடுவில் வைத்து, எஃகை விளிம்பில் ஒட்டவைத்த வாள்கள் நிறைய. உலை பெரிதாகிக் கட்டியும் பெரிதான பிறகு முழுக்க எஃகிலும் செய்தார்கள்.

அப்புறம் தோய்ச்சல், அதாவது சிவக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் இறக்கி இறுகவைப்பது. என் தொழில் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். எங்கள் உலையில் வெப்பமானி இருக்கிறது, 800 டிகிரி என்றால் 800தான். அவர்களிடம் இருந்தது கண் மட்டும். ஒரு மீட்டர் நீள அலகைப் பிடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும். மெல்லிய விளிம்பு முதலில் சூடேறும், தடித்த நடுப்பகுதி பின்தங்கும். தண்ணீரில் இறக்கும் நொடியில் விளிம்பு வேகமாக ஆறி இறுகும், நடு மெதுவாக ஆறும். இரண்டு பக்கமும் சமமாக ஆறாவிட்டால் அலகு நெளிந்துவிடும். அதிர்ஷ்டம் கெட்டால் "டிக்" என்று ஒரு சத்தம். கீறல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். வாரக்கணக்கான உழைப்பு அந்த ஒரு நொடியில் போய்விடும்.

தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்பதால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். பளபளப்பாகத் தேய்த்த பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு ஊதா, பிறகு நீலம். நீலம் வரும்போது கிட்டத்தட்ட 300 டிகிரி. எங்கே நிறுத்துவது என்பதில்தான் கொல்லனின் அறிவு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்ற துறவி கைத்தொழில்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். உளி மாதிரிக் கருவிகளைத் தோய்க்க ஆட்டின் மூத்திரம் அல்லது செம்பட்டை முடிச் சிறுவனின் மூத்திரம் நல்லது என்கிறார். சிரிக்க வேண்டாம். உப்புக் கலந்த நீர் வெறும் நீரைவிட வேகமாகவும் சீராகவும் குளிர்விக்கும், நாங்களும் உப்புநீர் வைத்திருக்கிறோம். முடியின் நிறத்துக்குத்தான் என்னிடம் விளக்கம் இல்லை.

எல்லா வாளும் நன்றாகத் தோய்க்கப்பட்டவை என்று சொல்லவில்லை. ஆலன் வில்லியம்ஸ் என்ற உலோகவியலாளர் ஏராளமான வாள், கவசங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்திருக்கிறார். அருமையாக இறுகிய விளிம்பும் உண்டு, வெறும் இரும்போடு நின்றுபோனதும் உண்டு. காசுக்கேற்ற வாள்.

ஜனவரி 19

"நம் எஃகு" பற்றிய பகுதிக்குப் பதில் எங்கே என்று கேட்கிறார்கள். வருகிறேன்.

நம் பக்கம் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், எஃகு செய்தது உண்மை. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் தடயம் கிடைத்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய தொழில்நுட்பம்தான். ஐரோப்பாவிலும் மூசை எஃகு என்று வில்லியம்ஸ் சொல்லும் வாள்கள் உண்டு. 9 முதல் 11ஆம் நூற்றாண்டுவரை "உல்ஃப்பெர்ட்" என்று பெயர் பதித்த வாள்கள் வட ஐரோப்பா முழுக்கப் பரவின, இன்று சுமார் 170 கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில்தான் கசடே இல்லாத உயர் கார்பன் எஃகு. மற்றவை உள்ளூர் உலை இரும்பு.

அந்தச் சிலவற்றின் எஃகு தமிழகத்திலிருந்து போனது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே காலத்தில் இன்றைய துர்க்மெனிஸ்தானில் மெர்வ், உஸ்பெகிஸ்தானில் அக்சிகெட் ஆகிய ஊர்களில் மூசை எஃகு செய்திருக்கிறார்கள். அங்கிருந்து வோல்கா ஆற்று வழியாக வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாக ஸ்காண்டிநேவியா போயின. எஃகும் அந்த வழியாகவே போயிருக்க வாய்ப்பு அதிகம். அதோடு அது நைட் வீரர்களுக்கு முந்தைய காலம். நாம் பேசும் 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வாள்கள் உள்ளூர் எஃகில் செய்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயர் கார்பன் எஃகை வெண்சூட்டில் அடித்தால் உதிர்ந்துபோகும், செஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். வெண்சூட்டில் ஒட்டிப் பழகிய கொல்லனுக்கு நல்ல மூசை எஃகைக் கையில் கொடுத்தாலும் பிரயோஜனப்படாது. அவரவர் எஃகுக்கு அவரவர் கைப்பழக்கம். நம் பெருமையைச் சொல்ல அவர்களின் கொல்லனைத் தாழ்த்த வேண்டியதில்லை.

ஜனவரி 24

"ஒரு கொல்லன் ஒரு வாள் செய்ய எத்தனை நாள்?" என்ற கேள்வி. ஒரு கொல்லன் ஒரு வாளை முழுசாகச் செய்யவில்லை என்பதுதான் பதில்.

நான் இருக்கும் இடத்திலிருந்து சோலிங்கன் பக்கம். வாளுக்கும் கத்திக்கும் பேர்போன ஊர். அங்கே சாணை பிடிப்பவர்களும் தோய்ப்பவர்களும் 1401இல் தங்களுக்கென்று சங்க உரிமை பெற்றார்கள். பிடி பூட்டி வாளை முழுமையாக்குகிறவர்கள் 1412இல். அலகு அடிக்கும் கொல்லர்கள் கடைசியில், 1472இல்தான். வரிசையைக் கவனியுங்கள்: சாணைக்காரர் முதலில். லண்டனில் கத்தி, வாள் வேலைக்காரர்களின் சங்கத்துக்கு 1416இல் அரச சாசனம் கிடைத்தது.

சோலிங்கனில் வுப்பர் ஆற்றோரம் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய சாணைக்குடில்கள் சில இன்னும் நிற்கின்றன. பால்க்ஹவுசர் கோட்டன் என்ற குடில் இப்போது அருங்காட்சியகம். உள்ளே போனால் ஈரக்கல் வாசனை. சாணைக்கல் ஆள் மார்பளவு உயரம். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, முழங்காலால் அலகைக் கல்லில் அழுத்துவார்கள். கை அலகைத் திருப்பும், கால் அழுத்தத்தைக் கூட்டும் குறைக்கும். 12ஆம் தேதி நான் சொன்ன மெலிவு, 13ஆம் தேதி சொன்ன பள்ளத்தின் சுத்தம், விளிம்பின் கோணம் எல்லாம் இந்த மாதிரி ஒரு கல்லின் முன்னால்தான் முடிவானது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் விளிம்பு சூடேறி, தோய்ச்சல் போட்ட பதம் போய்விடும். அதனால்தான் கல்லில் எப்போதும் தண்ணீர்.

அந்தக் கல்தூசு நுரையீரலை அரித்தது. இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நிறையப் பேர் இளம் வயதில் இறந்திருக்கிறார்கள். வாளில் கொல்லன் பெயர் இருக்கும், சொந்தக்காரன் பெயர் இருக்கும். சாணைக்காரன் பெயர் பதித்த ஒரு வாளைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஜனவரி 25

சின்னக் குறிப்பு. வாளின் வடிவம் ஏன் மாறியது? கவசம் மாறியதால். எவர்ட் ஓக்ஷாட் என்ற ஆங்கிலேயர் அலகின் வடிவத்தை வைத்து நைட் வாள்களை 10ஆம் வகையிலிருந்து 22ஆம் வகைவரை பிரித்தார், இன்றும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வளையக் கவசக் காலத்து 10ஆம் வகை அகலமானது, பள்ளம் பெரியது, நுனி மழுங்கிய வளைவு, வெட்டுவதற்கானது. 14ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் உடம்பை மூடியதும் 15ஆம் வகை பெருகியது: பள்ளம் இல்லை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் வைர வடிவம், ஊசி மாதிரி நுனி. அக்குளிலும் முகத்திறப்பிலும் குத்துவதற்கு.

தகட்டுக் கவசம் போட்டவனோடு மோதும்போது ஒரு கையால் அலகின் நடுவையே பிடித்துக் குத்துவதை 15ஆம் நூற்றாண்டுப் பயிற்சிச் சுவடிகள் படம் போட்டுக் காட்டுகின்றன. அதைப் பார்த்துத்தான் "கூர்மையே இல்லை" என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். கூரான அலகையும் இறுக்கிப் பிடித்து, கைக்குள் வழுக்க விடாமல் இருந்தால் கை வெட்டாது. பயிற்சி இல்லாமல் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

பிப்ரவரி 2

விதம் வாளுக்குத் திரும்புகிறேன். அதன் அலகில் தங்கக் கம்பியால் எழுத்துப் பதித்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் சிலுவைக் குறி, நடுவில் 18 எழுத்து. லத்தீன் எழுத்துகள்தான், ஆனால் சேர்த்துப் படித்தால் எந்தச் சொல்லும் வரவில்லை. என், டி, எக்ஸ், ஓ, எக்ஸ் என்று தொடங்குகிறது. 2015இல் பிரிட்டிஷ் நூலகக் கண்காட்சியில் வைத்தபோது பொதுமக்களிடமே விளக்கம் கேட்டார்கள், பதில்கள் குவிந்தன, முடிவு கிடைக்கவில்லை. ஜெபத்தின் முதலெழுத்துகளாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. முதல் இரண்டு எழுத்து "ஆண்டவர் பெயரால்" என்பதன் சுருக்கம் என்றால் பொருந்துகிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பதிக்கும் முறை: கூர் உளியால் அலகில் மெல்லிய கால்வாய் வெட்டுவார்கள், அடிப்பக்கம் கொஞ்சம் அகலமாக. அதில் தங்கக் கம்பியை வைத்துத் தட்டினால் தங்கம் பரவி அடியில் போய்ப் பூட்டிக்கொள்ளும், பசை எதுவும் வேண்டாம். மேலே தேய்த்து மட்டமாக்கிவிட்டால் முடிந்தது. உல்ஃப்பெர்ட் எழுத்து அப்படியில்லை. தடித்த இரும்புக் கம்பியைச் சூட்டோடு அலகில் அடித்து ஒட்டியது, எழுத்து கொழுத்து நிற்கும். விதம் வாளின் எழுத்தோ தையல் மாதிரி மெல்லியது. ஆற்றுச் சேற்றில் கிடந்து எடுத்த அலகின் விளிம்பு அங்கங்கே அரித்திருக்கிறது. தங்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 16

மாதிரி வாள் வாங்க ஆசைப்படும் தம்பிக்கு. எடையை மட்டும் கேட்காதீர்கள். குறுக்குத் தடுப்பின் பக்கம், நடு, நுனிக்கு ஒரு சாண் முன்னால், இந்த மூன்று இடத்திலும் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று விற்பவரிடம் கேளுங்கள். சமநிலைப் புள்ளி தடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். வால் பகுதி அலகோடு ஒரே எஃகா, இல்லை பின்னால் ஒட்டவைத்த கம்பியா என்பது மூன்றாவது கேள்வி. ஒட்டவைத்ததென்றால் வீசும்போது அலகு பறந்துபோய் யார் மேலாவது பாயும், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். "டமாஸ்கஸ் எஃகு", "கையால் அடித்தது" என்றெல்லாம் போட்டு விலை ஏற்றியிருப்பார்கள், அதில் மயங்காதீர்கள். தடிமன் கேட்டதும் காலிப்பரை எடுத்து அளந்து சொல்கிறவரிடம் வாங்குங்கள்.